எல்லோரும் ஒரே தட்டில்: குளூட்டன் இல்லாத கிறிஸ்துமஸ் பிஸ்கட்

டிசம்பர் மூன்றாவது வாரம் பிறந்துவிட்டால் நாகர்கோவில் முதல் சாந்தோம் வரை கிறிஸ்தவ வீடுகளில் எண்ணெய்ச் சட்டி அடுப்பைவிட்டு இறங்குவதில்லை. அச்சு முறுக்கு, கல்கல், முந்திரிக்கொத்து, நெய் பிஸ்கட், பிளம் கேக் என்று டப்பாக்கள் நிரம்பும். பாதி அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும். அந்தத் தட்டை ஒருமுறை கூர்ந்து பார்த்தால் மைதா, முட்டை, நெய், முந்திரி என நான்கு பொருள்களே வேஷம் மாற்றி மாற்றி வருவது தெரியும். வீட்டில் மகளுக்குக் கோதுமை ஆகாது, மகனுக்கு முட்டையும் முந்திரியும் ஆகாது என்றால், தட்டையே பிள்ளைகளின் கண்ணில் படாமல் மேல் அலமாரியில் வைக்க வேண்டியதாகிறது.

மைதாவை மட்டும் நீக்கிவிட்டால் வேலை முடிந்துவிடாது. தூத்துக்குடி மக்ரூன் நல்ல உதாரணம். முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை ஆகிய மூன்றே சரக்கு. மைதா அறவே கிடையாது. குளூட்டன் ஆகாதவருக்குச் சேரக்கூடிய பண்டம். முந்திரி அலர்ஜி உள்ள பிள்ளைக்கோ அதே மக்ரூன் உயிருக்கே ஆபத்து.

இந்த அத்தியாயத்தில் வரும் இரண்டு பிஸ்கட்டிலும் கோதுமை, முட்டை, பால், கொட்டை வகைகள், சோயா, எள் எதுவும் இல்லை. செய்முறை எளிது. கவனம் வேண்டியது வேறு இடத்தில்: சமையலறைக்கு வந்து சேருமுன் அந்த மாவும் எண்ணெயும் எந்த இயந்திரத்தில், எந்தச் சாக்கில், எந்தக் கரண்டியில் பட்டு வந்தன என்பதில்.

முதல் வேலை: யாருக்கு எது ஆகாது?

“பையனுக்குக் கோதுமை சேராது” என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வேறு நிலைகள் ஒளிந்திருக்கலாம்.

சீலியாக் நோய்: கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் புரதம் உள்ளே போனால் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்கும். வயிற்றுவலி இல்லாவிட்டாலும் உள்ளே பாதிப்பு நடக்கும். வாழ்நாள் முழுக்கக் குளூட்டனைத் தவிர்ப்பதே வழி.

கோதுமை அலர்ஜி: இது உடனடி வகை. தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு சில நிமிடங்களிலேயே வரலாம். கோதுமையின் எந்தப் புரதமும் ஆகாது. வெளிநாட்டுத் தயாரிப்புகள் சிலவற்றில் குளூட்டன் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் சேர்த்திருப்பார்கள். அட்டையில் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று இருக்கும். சீலியாக் நோயாளிக்குச் சரி, கோதுமை அலர்ஜிக்காரருக்குச் சரியில்லை.

சகியாமை: மாவோ பாலோ செரிக்காமல் வயிறு உப்புவது போன்ற தொல்லை. அவதி உண்டு, உயிராபத்து இல்லை. பாலில் உள்ள லாக்டோஸ் சேராதவரையும் பால் புரத அலர்ஜி உள்ளவரையும் ஒன்றாகக் கருதக் கூடாது. லாக்டோஸ் நீக்கிய பால் முதலாமவருக்கு உதவும். இரண்டாமவருக்கு அது சாதாரணப் பாலேதான்.

மாவைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை:

1. வீட்டில் உள்ளவர்கள், விருந்துக்கு வருபவர்கள் அனைவருடைய பெயரையும், யாருக்கு எது ஆகாது என்பதையும் ஒரு தாளில் எழுதவும்.
2. மருத்துவர் பரிசோதித்துச் சொன்னதா, வீட்டில் ஊகித்ததா என்று பக்கத்தில் குறிக்கவும். எப்படி இருந்தாலும் பண்டிகைச் சமையலில் இரண்டையும் தவிர்க்கவும்.
3. தாளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டவும். உதவிக்கு வரும் அத்தையும் சித்தியும் கேட்காமலே பார்த்துக்கொள்வார்கள்.
4. ஆளிவிதை, சாந்தன் கம் போல இதுவரை பிள்ளை சாப்பிடாத பொருள் பட்டியலில் இருந்தால், பண்டிகை நாளில் முதன்முறையாகக் கொடுக்க வேண்டாம். முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

*எச்சரிக்கை:* ‘இப்போது சரியாகியிருக்கும்’ என்று வீட்டிலேயே முட்டையையோ முந்திரியையோ கொடுத்துச் சோதிக்கக் கூடாது. கேக்கில் வெந்த முட்டை சில பிள்ளைகளுக்குச் சேரும் என்பது உண்மைதான். எந்தப் பிள்ளைக்குச் சேரும் என்பதை மருத்துவமனையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கடையில்: அட்டையைத் திருப்பிப் படிப்பது

இந்தியாவில் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட்டு விற்க, ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி. உலக அளவில் கோடெக்ஸ் அமைப்பு வைத்திருக்கும் வரம்பும் அதுவே. மைதாவின் எடையில் சுமார் 8 சதவீதம் குளூட்டன் என்று கொண்டு கணக்குப் போட்டால், ஒரு கிலோ அரிசி மாவில் கால் கிராம் மைதா கலந்தாலே அந்த வரம்பைத் தொட்டுவிடும். கால் கிராம் என்பது ஒரு சிட்டிகை. சப்பாத்திக் கட்டையில் ஒட்டியிருப்பதே அதைவிட அதிகம்.

அலர்ஜி தரும் பொருள்களை ‘கன்டெய்ன்ஸ்’ என்ற தலைப்பில் தனியே அச்சிட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிகள் சொல்கின்றன. குளூட்டன் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, வேர்க்கடலை, மரக்கொட்டைகள், சோயா, சல்ஃபைட் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. எள் அதில் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளையும் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டும். இங்கே வாங்கும் பொருளில் சரக்குப் பட்டியல் முழுவதையும் படித்துத்தான் எள்ளைக் கண்டுபிடிக்க முடியும்.

பெயர் மாற்றி வரும் பொருள்கள்:

- கோதுமை: மைதா, ரவை, செமோலினா, சம்பா ரவை, சேமியா, வீட் ஸ்டார்ச்.
- பார்லி: மால்ட், மால்ட் எக்ஸ்ட்ராக்ட். ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானப் பொடிகளிலும் பல கார்ன்ஃப்ளேக்ஸ்களிலும் இது உண்டு. சாக்லேட் சுவைக்காக அந்தப் பொடியை ஒரு ஸ்பூன் சேர்ப்பது வழக்கமான தவறு.
- பால்: வே, கேசின், சோடியம் கேசினேட், மில்க் சாலிட்ஸ்.
- முட்டை: அல்புமின்.
- சோயா: லெசித்தின். அட்டையில் 322 என்ற எண்ணாக மட்டும் இருக்கலாம். எதிலிருந்து எடுத்த லெசித்தின் என்று பார்க்கவும்.

நம் வீடுகளில் அடிக்கடி ஏமாற்றும் பொருள்கள் இன்னும் சில. சத்துமாவில் கோதுமை, பார்லி, முந்திரி, வேர்க்கடலை எல்லாம் சேர்ந்தே இருக்கும். கடைப் பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். மைதா கலந்துதான் கட்டியாகவோ தூளாகவோ ஆக்குகிறார்கள். ‘கேழ்வரகு பிஸ்கட்’, ‘தினை பிஸ்கட்’ என்று பெரிய எழுத்தில் விற்பதன் பின்பக்கத்தில் முதல் சரக்காகக் கோதுமை மாவு இருப்பது சர்வசாதாரணம். ஓட்ஸ் பயிரில் இயல்பாகக் கோதுமைப் புரதம் இல்லாவிட்டாலும் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடும். குளூட்டன் ஃப்ரீ என்று சான்றுள்ள ஓட்ஸ் தவிர மற்றதைத் தொட வேண்டாம்.

நெய்யைப் பற்றி ஒரு வார்த்தை. ‘உருக்கிவிட்டால் பால் போய்விடும்’ என்று சொல்லாத வீடு இல்லை. நெய்யிலும் பால் புரதத்தின் மிச்சம் இருக்கும். பால் அலர்ஜி உள்ளவருக்கு நெய் ஆகாது. மார்ஜரின் வாங்கினாலும் அதில் வே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மில்லும் செக்கும்

தெருமுனை மாவு மில்லில் அரைத்த அரிசி மாவு வெள்ளை வெளேரென்று, நயமாக இருக்கும். ஆனால் முன்னால் நின்றவர் ஐந்து கிலோ கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார். மில்காரர் ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டு ஓட்டிக் ‘கழுவி’த் தந்தாலும் கல்லிலும் குழாயிலும் துணிப்பையிலும் ஒட்டிய கோதுமை மாவு முழுதாகப் போகாது. சீலியாக் நோயாளி உள்ள வீட்டில் மில் மாவு வேண்டாம்.

செக்கு எண்ணெயிலும் அதே சிக்கல். காலையில் கடலை, மதியம் எள், மாலையில் கொப்பரை ஆட்டும் செக்கில் வரும் தேங்காய் எண்ணெயில் வேர்க்கடலைப் புரதமும் எள் புரதமும் கலந்திருக்கலாம். கொப்பரை மட்டும் ஆட்டும் இடத்தில் வாங்கவும். இல்லாவிட்டால், அலர்ஜி வரிகளைப் படித்துப் பார்த்து, ஆலையில் அடைத்த எண்ணெயை வாங்கவும்.

வீட்டிலேயே அரிசி மாவு தயாரிக்கும் முறை:

1. 300 கிராம் பச்சரிசியைக் கல், கோதுமை மணி பொறுக்கி, மூன்று தண்ணீரில் கழுவவும்.
2. ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, சுத்தமான புதுத் துணியில் நிழலில் உலர்த்தவும். கையில் ஒட்டாமல், லேசான ஈரத்தோடு இருக்க வேண்டும்.
3. கோதுமை அரைக்காத தனி மிக்ஸி ஜாரில் அரைக்கவும். பழைய ஜாரின் பிளேடுக்கு அடியிலும் வாஷரிலும் மாவு ஒளிந்திருக்கும். கழுவினாலும் நம்ப முடியாது.
4. கண் நெருக்கமான புதுச் சல்லடையில் சலிக்கவும். மேலே தங்கும் குருணையை மீண்டும் அரைக்கவும்.
5. கனமான வாணலியில் சிறுதீயில் வறுக்கவும். இடியாப்ப மாவுக்குப் பார்க்கிற பதம்தான்: விரலிடுக்கில் எடுத்துக் கோலம் இழுத்தால் கம்பி விடாமல் வர வேண்டும். நிறம் மாறக் கூடாது.
6. முழுக்க ஆறவிட்டு, திரும்பச் சலித்து, மூடி இறுகிய டப்பாவில் வைத்துப் பெயர் எழுதவும்.

சமையலறையைத் தயார்செய்தல்

ஓவனின் சூடு குளூட்டனையோ கொட்டைப் புரதத்தையோ அழித்துவிடும் என்று நம்ப வேண்டாம். 180 டிகிரியில் சுட்டாலும் புரதம் புரதம்தான். ஆகவே சுத்தம் செய்வது அடுப்பை மூட்டுவதற்கு முன் முடிய வேண்டும்.

1. பிஸ்கட் செய்யும் நாளில் சப்பாத்தி, பூரி, தோசைக்கு மைதா கரைப்பது எதுவும் வேண்டாம். பறக்கும் மாவு காற்றில் மணிக்கணக்காக மிதந்து மெல்லப் படியும்.
2. மேடையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, புதுத் துணியால் மறுபடி துடைக்கவும். பழைய மேடைத்துணியைத் துவைக்கப் போடவும்.
3. மரக்கரண்டி, சப்பாத்திப் பலகை, பூரிக்கட்டை, பழைய சல்லடை ஆகியவற்றை ஒதுக்கவும். மரத்தின் பிளவிலும் கம்பி வலையிலும் ஒட்டியதைக் கழுவி எடுக்க முடியாது. எவர்சில்வரோ கண்ணாடியோ போதும். உருட்டுவதற்கு நேரான கண்ணாடி பாட்டிலை நன்கு கழுவிப் பயன்படுத்தலாம்.
4. ஓவன் தட்டில் புது பட்டர் பேப்பர் விரிக்கவும். ஓவனின் அடியில் கிடக்கும் பழைய துகள்களைத் தட்டி எடுக்கவும். ஃபேன் உள்ள ஓவன் என்றால் அது துகளைக் கிளப்பும். இயன்றால் ஃபேனை நிறுத்தவும்.
5. சர்க்கரை, உப்பு, ஏலக்காய் ஆகியவற்றைப் புதிதாகப் பிரித்து எடுக்கவும். மாவுக் கரண்டி போட்டு எடுத்த பழைய சர்க்கரை டப்பா வேண்டாம்.
6. கையைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவவும். சானிடைசர் கிருமியைக் கொல்லும். கையில் ஒட்டிய கடலைப் புரதத்தை அகற்றாது. வெறும் தண்ணீரும் போதாது.

பக்கத்து வீட்டுக்காக மைதா கல்கல்லும் செய்தே ஆக வேண்டுமா? அலர்ஜி இல்லாத பிஸ்கட்டை முதலில் செய்து, ஆறவைத்து, டப்பாவில் மூடி, வேறு அறைக்கு அனுப்பிய பிறகே மைதாவைப் பிரிக்கவும். முடிந்தால் வேறு நாளில்.

எந்த மாவு என்ன செய்யும்?

மைதாவில் குளூட்டன் பிணைப்பைத் தருகிறது. அது இல்லாதபோது அந்த வேலையை மூன்று பொருள்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும்: உடல் தர அரிசி அல்லது சிறுதானிய மாவு, மொறுமொறுப்புக்கு ஸ்டார்ச், பிணைப்புக்குச் சாந்தன் கம் அல்லது இசப்கோல். தனி அரிசி மாவில் செய்தால் மணல் மென்ற மாதிரி இருக்கும். தனி ஸ்டார்ச்சில் செய்தால் வாயில் ஒட்டும்.

சாந்தன் கம் அட்டையில் 415 என்ற எண்ணாலும் அறியப்படும். கால் கிலோ மாவுக்கு அரை டீஸ்பூன் போதும். கூடினால் பிஸ்கட் ரப்பராகும். கிடைக்காவிட்டால் பொடித்த இசப்கோல் உமி ஒரு டீஸ்பூன்.

கார்ன்ஃப்ளார் என்று கடையில் கேட்டால் மக்காச்சோள ஸ்டார்ச் தருவார்கள், அதுதான் தேவை. சோள மாவு என்று கேட்டால் வேறு தானியத்தின் மாவு கைக்கு வரும். மரவள்ளி ஸ்டார்ச் கிடைக்காத ஊரில் நல்ல ஜவ்வரிசியை அதே தனி ஜாரில் பொடித்துச் சலிக்கலாம்.

பாதாம் மாவைப் பல வெளிநாட்டுச் செய்முறைகள் தாராளமாகச் சேர்க்கும். கொட்டை அலர்ஜி உள்ள வீட்டில் அந்தச் செய்முறையைப் புரட்டவே வேண்டாம். தேங்காய் விஷயம் வேறு: கொட்டை அலர்ஜி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தேங்காய் சேரும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2025 ஜனவரியில் மரக்கொட்டைப் பட்டியலிலிருந்து தேங்காயை நீக்கியது. ஆனாலும் தேங்காய்க்கே தனியாக அலர்ஜி உள்ளவர்கள் உண்டு, கேட்டுக்கொண்டு செய்யவும்.

செய்முறை 1: நட்சத்திர பிஸ்கட் (30 முதல் 35 வரை)

தேவையானவை: நயமான அரிசி மாவு 140 கிராம், கார்ன்ஃப்ளார் 60 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 40 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், உறைந்த தேங்காய் எண்ணெய் 110 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 45 முதல் 60 மி.லி., சாந்தன் கம் அரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், வெனிலா எசன்ஸ் அல்லது ஏலப்பொடி ஒரு டீஸ்பூன்.

கப்பால் அளக்காமல் தராசில் நிறுக்கவும். அமுக்கி நிரப்பிய கப்புக்கும் தளர்வாக நிரப்பிய கப்புக்கும் அரிசி மாவில் பல கிராம் வித்தியாசம் வரும். இந்த மாவு அதை மன்னிக்காது. பேக்கிங் பவுடரில் சேர்த்த ஸ்டார்ச் மக்காச்சோளமா கோதுமையா என்று பார்க்கவும். தேங்காய்ப்பாலை வீட்டில் பிழிவது நல்லது. தேங்காய்ப்பால் பொடிகள் பலவற்றில் சோடியம் கேசினேட் என்ற பால் புரதம் உண்டு.

1. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகும். சென்னை டிசம்பரில் பகலில் அது திரவமாகவே இருக்கும். 20 நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, விரல் வைத்தால் பதியும் பக்குவத்தில் எடுக்கவும். கல்லாக இறுகவிட வேண்டாம்.
2. மாவு, ஸ்டார்ச், கம், பேக்கிங் பவுடர், உப்பு அனைத்தையும் சேர்த்து இரண்டு முறை சலிக்கவும். கம் ஒரே இடத்தில் திரண்டால் அங்கு மட்டும் ஜவ்வாகும்.
3. எண்ணெயையும் சர்க்கரையையும் வெளுத்து வரும்வரை இரண்டு மூன்று நிமிடம் அடிக்கவும். வெனிலா சேர்க்கவும்.
4. மாவைப் பாதி பாதியாகச் சேர்த்துக் கலக்கவும். 45 மி.லி. தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசையவும். கையில் பிடித்தால் பிளவுபடாமல் உருண்டையாக நிற்க வேண்டும். உதிர்ந்தால் ஒரு டீஸ்பூன் வீதம் பால் கூட்டவும்.
5. மூடி 30 நிமிடம் வைக்கவும். அரிசி மாவு ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும். இந்தப் படியைத் தவிர்த்தால் பிஸ்கட் கரகரக்கும்.
6. இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து 6 மில்லிமீட்டர் தடிமனில் தேய்க்கவும். மேல்மாவு தூவத் தேவையில்லை.
7. பேப்பரோடு 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, பிறகு நட்சத்திரம், மணி அச்சுகளால் வெட்டவும். மைதா பிஸ்கட்டுக்குப் பயன்படுத்திய அச்சாக இருந்தால் மூலை மடிப்புகளைத் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும்.
8. முன்கூட்டியே சூடான ஓவனில் 165 டிகிரியில் 13 முதல் 15 நிமிடம். ஓரம் மட்டும் லேசான பொன்னிறம் வந்தால் போதும். நடு வெள்ளையாகவே இருக்கும்.
9. வெளியே எடுத்தவுடன் தொடாதீர்கள். சூட்டில் இது உடையும். தட்டிலேயே பத்து நிமிடம் ஆறவிட்டு, பிறகு தட்டையான கரண்டியால் எடுக்கவும்.

மேல்பூச்சுக்கு 100 கிராம் ஐசிங் சுகரில் மூன்று நான்கு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்தால் போதும். முட்டை வெள்ளைக்கரு வேண்டாம். சிவப்புக்குப் பீட்ரூட் சாறு சில சொட்டு. வெள்ளி மணி, வண்ணத் தூவல்களின் அட்டையில் கோதுமையும் சோயாவும் இருக்கக்கூடும். படிக்காமல் தூவ வேண்டாம்.

செய்முறை 2: கேழ்வரகு–சுக்கு பிஸ்கட் (சுமார் 28)

அச்சும் தேய்த்தலும் வேண்டாம் என்பவர்களுக்கு இது. பிள்ளைகளே உருட்டலாம்.

தேவையானவை: கேழ்வரகு மாவு 120 கிராம், அரிசி மாவு 60 கிராம், கார்ன்ஃப்ளார் 30 கிராம், நாட்டுச் சர்க்கரை அல்லது பொடித்த கருப்பட்டி 90 கிராம், தேங்காய் எண்ணெய் 90 கிராம், பொடித்த ஆளிவிதை ஒரு டேபிள்ஸ்பூன், தண்ணீர் மூன்று டேபிள்ஸ்பூன், சுக்குப் பொடி ஒன்றரை டீஸ்பூன், ஏலப்பொடி அரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. கேழ்வரகையும் மில்லில் கொடுக்காமல் மேற்சொன்ன தனி ஜாரில் அரைக்கவும்.

1. ஆளிவிதைப் பொடியைத் தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் வைக்கவும். முட்டை போலக் கொழகொழவென்று வரும். ஒரு முட்டைக்கு இந்த அளவு ஈடு.
2. கேழ்வரகு மாவைச் சிறுதீயில் மணம் வரும்வரை வறுத்து ஆறவிடவும். பச்சை வாடை போகும்.
3. உலர்ந்த சரக்குகளைச் சலித்துக் கலக்கவும். எண்ணெய், சர்க்கரை, ஆளிவிதைக் கரைசல் சேர்த்துப் பிசையவும். 20 நிமிடம் மூடி வைக்கவும்.
4. 15 கிராம் உருண்டைகளாக்கி, தட்டில் இடைவெளி விட்டு வைத்து, முட்கரண்டியால் அழுத்தவும்.
5. 170 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம். கறுப்பு மாவில் நிறம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விளிம்பைத் தொட்டால் உறுதியாகவும் நடு சற்று மென்மையாகவும் இருக்கும்போது எடுக்கவும். ஆறியதும் இறுகும்.

*குறிப்பு:* வேகாத மாவை ருசி பார்க்க வேண்டாம். முட்டை இல்லாவிட்டாலும் பச்சை மாவில் கிருமிகள் இருக்கலாம்.

ஓவன் இல்லாத வீட்டில்

கனமான அடியுள்ள இரும்புச் சட்டியில் ஒரு கப் கல்லுப்பைப் பரப்பி, வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கவும். சிறு தட்டில் ஆறேழு பிஸ்கட் வைத்து, சிறுதீயில் 18 முதல் 22 நிமிடம். மூடியில் நீர் கோத்தால் துடைத்துவிடவும். பிரஷர் குக்கரை வெறுமையாகச் சூடாக்குவது குக்கருக்கு நல்லதல்ல. வேறு பாத்திரமே இல்லை என்றால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

அச்சு முறுக்கு செய்பவர்களுக்கு: அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் போதும், முட்டையை விடலாம். எள் ஆகாதவர் இருந்தால் எள்ளையும் விடவும். கல்கல் பொரித்த எண்ணெயில் பொரித்தால் இத்தனை கவனமும் வீணாகும். எண்ணெய் புதிதாக இருக்க வேண்டும்.

என்ன தவறியது?

- உருட்டும்போதே உதிர்கிறது: ஈரம் போதவில்லை, அல்லது கம் மறந்துபோயிற்று. ஒரு டீஸ்பூன் தேங்காய்ப்பால் தெளித்துப் பிசைந்து மீண்டும் 15 நிமிடம் ஊறவிடவும்.
- ஓவனில் பரந்து ஒட்டிக்கொண்டது: எண்ணெய் உருகிய நிலையில் உள்ளே போயிருக்கிறது. அடுத்த தட்டைக் குளிரவைத்து அனுப்பவும். சூடான தட்டில் புது மாவை வைக்க வேண்டாம்.
- கல்லாக இருக்கிறது: நேரம் கூடியது. இரண்டு நிமிடம் குறைக்கவும்.
- கரகரக்கிறது: மாவு நயமில்லை. திரும்பச் சலிக்கவும்.
- மறுநாள் நமத்தது: சூடு ஆறுமுன் மூடியாயிற்று. 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும்.

பரிமாறும் இடத்தில்

வீட்டில் எல்லோருக்கும் இதே பிஸ்கட் என்றால் பாதி ஆபத்து நீங்கும். ஆபத்து மிஞ்சுவது விருந்தாளிகளின் டப்பாக்களில். யாரோ கொண்டுவந்த முந்திரி கேக்கை வெட்டிய கத்தி, நட்சத்திர பிஸ்கட் தட்டில் வந்து உட்கார ஒரு நொடி போதும்.

1. பாதுகாப்பான பிஸ்கட்டுக்கு மூடியுள்ள தனி டப்பா, தனி இடுக்கி. வெளியார் பலகாரத் தட்டோடு ஒரே மேசையில் வைக்க வேண்டாம்.
2. டப்பா மேல் சரக்குப் பட்டியல் முழுவதையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டவும். ‘அலர்ஜி இல்லாதது’ என்று மட்டும் எழுதுவது போதாது. உங்கள் வீட்டு அலர்ஜி வேறு, விருந்தாளி வீட்டு அலர்ஜி வேறு.
3. பிள்ளைகள் முதலில் எடுக்கட்டும். பிறகு மற்றவர்கள்.
4. கேரல் பாட வருகிறவர்கள் தரும் மிட்டாயை வாங்கி அம்மாவிடம் கொடுக்கப் பிள்ளையைப் பழக்கவும். பதிலுக்கு அதே நிமிடம் வீட்டு பிஸ்கட் கைக்கு வர வேண்டும்.

பெரியவர்களிடம் பேசுவதுதான் பலருக்கு மாவு பிசைவதைவிடக் கடினம். “ஒண்ணே ஒண்ணுதானேடா, என்ன ஆயிடப்போவுது?” என்று பாட்டி கேட்பார். வாதாடுவதைவிட வேலை கொடுப்பது பயன் தரும்: “பாட்டி, இந்த டப்பாவை நீங்கதான் பார்த்துக்கணும். இதுலேர்ந்து மட்டும்தான் பிள்ளைக்குக் குடுக்கணும்.” காவல் பொறுப்பு பாட்டியிடம் போனபின் அந்த டப்பாவை யாரும் நெருங்க முடியாது.

அவசரத்தில்

உதடு, நாக்கு வீங்குவது, உடல் முழுக்கத் தடிப்பு, மூச்சிரைப்பு, தொடர் வாந்தி, மயக்கம். இவற்றில் மூச்சோ நினைவோ பாதித்தால், அல்லது இரண்டு மூன்று ஒன்றாக வந்தால் காத்திருக்கக் கூடாது.

1. மருத்துவர் எழுதிக் கொடுத்த அட்ரினலின் ஊசி இருந்தால், தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே போடவும்.
2. 108ஐ அழைக்கவும். ஊசி இல்லாத வீட்டார், அவசரச் சிகிச்சை உள்ள மருத்துவமனைகளில் எது பக்கம் என்று முன்னரே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.
3. படுக்கவைத்துக் காலை உயர்த்தவும். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரவைக்கவும். எழுந்து நடக்கவிட வேண்டாம்.
4. அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும், மூச்சடைப்பை நிறுத்தாது. ஊசிக்கு அது மாற்றில்லை.
5. சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போகவும். சில மணி நேரத்தில் திரும்ப வரலாம்.

நாள் வரிசை

- டிசம்பர் 15க்குள்: பட்டியல் எழுதுதல், தனி ஜார், சல்லடை, சரக்குகள் வாங்குதல்.
- 18, 19: அரிசி, கேழ்வரகு மாவு தயாரித்தல். ஒரு சிறு தட்டு பிஸ்கட் சுட்டு ஓவனின் சூட்டைத் தெரிந்துகொள்ளுதல்.
- 21: வீட்டைச் சுத்தம் செய்தபின் கேழ்வரகு பிஸ்கட். காற்றுப்புகாத டப்பாவில் ஒரு வாரம் தாங்கும்.
- 22: நட்சத்திர பிஸ்கட் மாவைப் பிசைந்து, தட்டையாகச் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தல்.
- 23: வெட்டிச் சுடுதல். முழுக்க ஆறியபின் டப்பாவில் அடைத்தல்.
- 24 காலை: மேல்பூச்சு. காய இரண்டு மணி நேரம். பெயர்ச்சீட்டு ஒட்டுதல். அக்கம்பக்கத்துக்கான பொட்டலங்களிலும் சரக்குப் பட்டியல் ஒன்று.
- 24 மாலை: நள்ளிரவு ஆராதனைக்குக் கிளம்பும்போது பிள்ளையின் பையில் பத்து பிஸ்கட்டும் மருந்தும். ஆலயத்தில் கேக் விநியோகம் உண்டு.